கைவிடப்பட்ட வீட்டுச் சார்ஜர்கள்: ஜூஸ்பாக்ஸ் விஷயத்தில் நடந்தது என்ன?

2024 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜூஸ்பாக்ஸ் என்ற மின்கார் சார்ஜர் வைத்திருந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இத்தாலிய மின் நிறுவனமான எனெலின் கிளையான எனெல் எக்ஸ் வே, அந்த மாதம் 11ஆம் தேதியோடு வட அமெரிக்காவில் தன் மின்வாகனத் தொழிலை மூடுகிறது என்றது அந்த அறிவிப்பு. கொடுத்த அவகாசம் பத்து நாள்கூட இல்லை. வாடிக்கையாளர் உதவி நின்றுவிடும், கைபேசிச் செயலியைப் பராமரிக்க ஆள் இருக்காது.

அறிவிப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீடுகளில் மாட்டியிருக்கும் ஜூஸ்பாக்ஸ்கள் இணையத் தொடர்பு இல்லாமலேயே கார்களுக்குத் தொடர்ந்து சார்ஜ் ஏற்றும் என்றார்கள். அலுவலகங்கள், வாகன நிறுத்தங்கள் போன்ற இடங்களில் இருக்கும் வணிக சார்ஜர்களோ, மென்பொருளை நடத்த ஆள் இல்லாவிட்டால் செயலிழக்கும் என்றார்கள். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி மின்சாரம், ஒரே மாதிரி பிளக். ஒன்று பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. இது ஏன் என்று புரிந்துகொண்டால், எந்த நிறுவனம் கைவிட்ட சார்ஜரையும் எப்படி ஓட வைப்பது என்பதில் பாதி புரிந்துவிடும்.

பெட்டி எங்கிருந்து வந்தது

ஜூஸ்பாக்ஸ் ஒரு பெரிய நிறுவனத்தின் பொருளாகப் பிறக்கவில்லை. எலெக்ட்ரிக் மோட்டார் வெர்க்ஸ் என்ற சிறிய கலிஃபோர்னிய நிறுவனம் 2013இல், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாகப் பணம் திரட்டி அதைக் கொண்டுவந்தது. பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் வகையும் இருந்தது. சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கான பொருள் என்றே அன்று பலர் அதை அறிந்திருந்தார்கள்.

அப்புறம் தொழில் திசை மாறியது. 2017இல் எனெல் அந்த நிறுவனத்தை வாங்கியது. மறு ஆண்டு, கலிஃபோர்னியாவின் மின்சந்தையில் 6,000க்கும் மேற்பட்ட சார்ஜர்களை ஒன்றுசேர்த்து, 30 மெகாவாட் திறனுள்ள ஒரு மெய்நிகர் பேட்டரிபோல நடத்துவதாக நிறுவனம் அறிவித்தது. மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது ஆயிரக்கணக்கான வீட்டுச் சார்ஜர்களைச் சில நிமிடங்கள் குறைத்துவைத்தால் அதற்கு மின்சந்தையில் விலை உண்டு. பெட்டி விற்பதைவிட அந்த வருமானம்தான் எதிர்காலம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் பெட்டியின் வடிவமைப்பு விளங்கும். வெளியிலிருந்து ஒருவர் "இப்போது குறை, இப்போது ஏற்று" என்று சொல்ல வேண்டுமென்றால், எத்தனை ஆம்பியர் என்ற முடிவு நிறுவனத்தின் சர்வரிடம் இருந்தாக வேண்டும். நேர அட்டவணையும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அந்தத் தொழிலுக்கு அதுதான் வசதி. ஆனால் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு தேவையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுவரில் இருப்பது உண்மையில் என்ன

பேச்சு வழக்கில் அதைச் சார்ஜர் என்கிறோம். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றி பேட்டரிக்கு ஊட்டும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் மாட்டியிருப்பது பாதுகாப்போடு கூடிய ஒரு பெரிய சுவிட்ச். அதற்குள் மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் ஒரு காண்டாக்டர், மின்கசிவைக் கண்டுபிடிக்கும் சுற்று, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சுற்று, காரோடு பேசும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை. அவ்வளவுதான்.

காரோடு பேசுவது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் அச்சாணி. ஜே1772 என்ற தரநிலையும், அதோடு ஒத்துப்போகும் சர்வதேசத் தரநிலையான ஐஇசி 61851உம் இதை வகுத்திருக்கின்றன. பிளக்கில் பைலட் என்றொரு கம்பி உண்டு. கார் மாட்டப்படாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். பிளக்கை மாட்டியதும் காருக்குள் இருக்கும் ஒரு மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். "வந்துவிட்டேன்" என்று பொருள். கார் சார்ஜ் ஏற்றிக்கொள்ளத் தயாரானதும் இன்னொரு மின்தடையைச் சேர்த்து 6 வோல்ட்டுக்கு இறக்கும். அதைப் பார்த்த பிறகுதான் பெட்டி காண்டாக்டரை மூடும். டக் என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதுதான்.

எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதையும் அதே கம்பி சொல்கிறது. பெட்டி அந்தக் கம்பியில் நொடிக்கு 1,000 துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பிலும் மேலே நிற்கும் நேரம் எத்தனை விழுக்காடு என்பதுதான் செய்தி. வீட்டு சார்ஜர்கள் பயன்படுத்தும் வரம்பில் கணக்கு எளிது: விழுக்காட்டை 0.6ஆல் பெருக்கினால் ஆம்பியர். 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியர், 50 என்றால் 30. கார் அதைப் படித்து, அந்த வரம்பைத் தாண்டாமல் எடுத்துக்கொள்ளும்.

இந்த உரையாடலில் இணையம் எங்கேயும் வரவில்லை. வைஃபை, கணக்கு, கடவுச்சொல் எதுவும் இல்லை. அதனால்தான் வீட்டுப் பெட்டி பிழைக்கிறது. வணிகப் பெட்டியில் நிலைமை வேறு. யார் வந்திருக்கிறார், அவருக்கு அனுமதி உண்டா, யாரிடம் பணம் வாங்குவது என்று சர்வரிடம் கேட்ட பிறகே காண்டாக்டரை மூட வேண்டும் என்று அதற்குக் கட்டளை. கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாதபோது பெட்டி இரும்புக் குப்பைதான். வன்பொருளில் ஒரு பழுதும் இருக்காது.

போனது எது

"சார்ஜ் ஏறும்" என்ற உறுதி உண்மைதான். ஆனால் அது பாதி ஆறுதல். நிறுவனத்தோடு சேர்ந்து கிளம்பிப் போகும் விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், சில லேசாகவும் சில பாரமாகவும் இருக்கின்றன.

மின்கணக்கு, வரைபடம், "சார்ஜ் முடிந்தது" என்ற அறிவிப்பு எல்லாம் லேசானவை. காரின் செயலியே அதில் பெரும்பகுதியைக் காட்டிவிடும். மின்நிறுவனங்கள் தரும் சலுகைத் திட்டங்களில் சார்ஜர் வழியாகச் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்த வழி அடைபடும். அது பணம் சம்பந்தப்பட்டது, எரிச்சலானது, ஆபத்தானது அல்ல.

நேர அட்டவணை கொஞ்சம் பாரமானது. இரவில் மின்கட்டணம் குறைவாக இருக்கும் ஊர்களில் அட்டவணை இல்லாமல் போனால், மாலை வீடு திரும்பி பிளக்கை மாட்டிய அந்த நிமிடமே, கட்டணம் உச்சத்தில் இருக்கும்போது சார்ஜ் ஏறத் தொடங்கும். இதற்கு விடை காருக்குள்ளேயே இருக்கிறது: பெரும்பாலான மின்கார்களில் சார்ஜ் தொடங்கும் நேரத்தை காரிலேயே குறித்துவைக்கலாம். இரண்டு இடத்திலும் அட்டவணை வைத்தால் மட்டும் சிக்கல். கார் கேட்கும்போது பெட்டி தராது, பெட்டி தரும்போது கார் தூங்கிவிட்டிருக்கும். காலையில் பேட்டரி நேற்றைய அளவிலேயே நிற்கும். எனவே அட்டவணையை காருக்கு மாற்றுகிறவர்கள், செயலி இன்னும் வேலை செய்யும் காலத்திலேயே பெட்டியின் அட்டவணையை நீக்கிவிட வேண்டும். செயலி போன பிறகு பெட்டியின் நினைவில் பழைய அட்டவணை மாட்டிக்கொண்டால் அதை அழிப்பது தலைவலி.

ஆம்பியர் வரம்புதான் உண்மையான பாரம். ஜூஸ்பாக்ஸ் தன்னுள் இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஒன்று, சர்வரோடு தொடர்பு இருக்கும்போது பின்பற்ற வேண்டிய உச்சவரம்பு. மற்றது, தொடர்பு இல்லாதபோது பின்பற்ற வேண்டியது. சர்வர் நின்ற பிறகு ஆட்சி செய்வது இரண்டாவது எண். செயலியில் நாம் தினமும் பார்த்துப் பழகியது முதல் எண்ணாக இருக்கலாம்.

இதில் என்ன ஆபத்து? வட அமெரிக்க மின்விதிகளின்படி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் சுமைக்கு, அந்த சுமையைப்போல 125 விழுக்காடு தாங்கும் சுற்று வேண்டும். கார் சார்ஜிங்கை அந்த வகைச் சுமையாகத்தான் விதிகள் எடுத்துக்கொள்கின்றன. 40 ஆம்பியர் எடுக்கும் பெட்டிக்கு 50 ஆம்பியர் பிரேக்கர், 32 ஆம்பியர் எடுக்கும் பெட்டிக்கு 40 ஆம்பியர் பிரேக்கர். இப்போது ஒரு வீட்டில் 40 ஆம்பியர் திறனுள்ள பெட்டியை 40 ஆம்பியர் பிரேக்கரில் மாட்டி, செயலியில் 32 என்று குறைத்துவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறைப்பு பெட்டிக்குள் பதிந்திருந்தால் நல்லது. சர்வரில் மட்டும் இருந்தால், சர்வர் போன மறுநாள் பெட்டி முழு 40 ஆம்பியருக்குச் சம்மதம் சொல்லும். பிரேக்கர் உடனே விழாது. 40 ஆம்பியர் பிரேக்கர் 40 ஆம்பியரில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். அதுவரை கம்பியும் இணைப்பு முனைகளும் இரவு முழுக்க சூடாகிக்கொண்டிருக்கும். முனையின் திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அங்கேதான் கருகத் தொடங்கும்.

ஒரே சுற்றில் இரண்டு சார்ஜர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் இதே வகை. பகிர்வைச் செய்தது சர்வர் என்றால், அது போன பிறகு இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. அப்படி வைத்திருப்பவர்கள் வேறெதையும் யோசிக்குமுன் ஒன்றை அணைத்துவைப்பதே புத்திசாலித்தனம்.

இதைச் சோதிக்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பெட்டியின் வைஃபை தொடர்பைத் துண்டித்துவிட்டு, காரை மாட்டி, காரின் திரை எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று பார்த்தால் போதும். அந்தக் காரின் உள்சார்ஜர் பெட்டியின் முழு அளவை எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்த எண் பிரேக்கரின் 80 விழுக்காட்டைத் தாண்டினால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

நடுவில் உட்கார்ந்த மொழிபெயர்ப்பாளர்

நிறுவனம் கைவிடும் முன்பே சில பயனாளர்கள் பெட்டி சர்வரோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுத் தானியக்கத்தில் ஆர்வமுள்ளவர்கள் அவர்கள். சார்ஜரையும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருளில் சேர்க்க வேண்டும் என்பது ஆசை. அதிலிருந்து ஜூஸ்பாஸ்பிராக்ஸி என்ற சிறு நிரல் பிறந்தது.

ஒட்டுக்கேட்டதில் தெரிந்தது ஆச்சரியமான அளவுக்கு எளிமையாக இருந்தது. பெட்டி சிறிய இடைவெளிகளில் ஒரு வரிச் செய்தியை யுடிபி என்ற எளிய இணைய நெறிமுறை வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. அதில் பெட்டியின் அடையாள எண், மின்னழுத்தம், அலைவெண், வெப்பநிலை, இதுவரை தந்த மின்சாரம், கார் மாட்டியிருக்கிறதா என்ற நிலை, மேலே சொன்ன இரண்டு ஆம்பியர் வரம்புகள், கடைசியில் ஒரு சரிபார்ப்புக் குறி. 2414 என்று வந்தால் 241.4 வோல்ட், 5999 என்று வந்தால் 59.99 ஹெர்ட்ஸ். பதிலுக்கு சர்வர் நாள், நேரத்தோடு எத்தனை ஆம்பியர் தரலாம் என்று சொல்கிறது. பல பெட்டிகளில் மறையாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது, எதுவும் கிடையாது.

நிரல் அந்த இருவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. பெட்டி எந்த முகவரிக்குப் பேசுகிறதோ, அந்தப் பெயருக்கு வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு கணினியின் முகவரியை ரவுட்டர் பதிலாகச் சொல்லும்படி அமைத்தார்கள். பெட்டி நிறுவனத்தோடு பேசுவதாக நினைத்து வீட்டுக் கணினியோடு பேசும். கணினி அந்தச் செய்தியைப் படித்து எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறை வழியாக ஹோம் அசிஸ்டன்ட்டுக்குத் தந்துவிட்டு, மூலச் செய்தியை நிறுவனத்துக்கே அனுப்பிவைக்கும். பெயரை மாற்ற வசதியில்லாத ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது. பெட்டிக்குள் வைஃபையைக் கவனிக்கும் சிறு துண்டில் ஒரு நிர்வாக வாசல் திறந்தே இருந்தது. 2000ஆம் போர்ட் என்ற அந்த வாசலில், டெல்நெட் என்ற பழைய கட்டளை முறையில் நுழைந்தால் போதும், செய்தி போக வேண்டிய முகவரியை அங்கேயே மாற்றிவிடலாம்.

ஆரம்பத்தில் இது வேடிக்கை பார்க்கும் கருவி மட்டுமே. முடிவெடுப்பது நிறுவனத்தின் சர்வர். மூடல் அறிவிப்புக்குப் பிறகு வேலையின் தன்மை மாறியது. சரிபார்ப்புக் குறியை எப்படிக் கணக்கிடுவது என்று கண்டுபிடித்துவிட்டால், சர்வரின் பதிலை நாமே எழுதலாம். அதையும் கண்டுபிடித்தார்கள். இப்போது நிரலே சர்வராக நடிக்கும். நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பாமல், ஆம்பியர் வரம்பை வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளலாம். ஹோம் அசிஸ்டன்ட்டில் நேர அட்டவணையும் எழுதிக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம், மீட்பவர்கள் சார்ஜரைத் தொடவே இல்லை என்பது. ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் அப்படியே இருக்கிறது, பாதுகாப்புச் சுற்றுகள் அப்படியே இருக்கின்றன, சான்றிதழும் கெடவில்லை. நாளைக்கு இந்த நிரல் பிடிக்கவில்லை என்றால் கணினியை அணைத்துவிடலாம். பெட்டி தன் இரண்டாவது எண்ணுக்குத் திரும்பும். மீட்பு வேலை எதுவானாலும் பின்வாங்க வழி இருப்பது பெரிய விஷயம்.

எல்லோருக்கும் இது சரிப்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கணினி வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வெளியூர் போயிருக்கும்போது கணினி நின்றால், சார்ஜ் ஏறினாலும் அட்டவணையும் வரம்பும் போய்விடும்; வீட்டில் உள்ள மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இரவில் நேரம் குறித்து சார்ஜ் ஏற்றுவது மட்டுமே தேவை என்றால் காரின் அட்டவணை போதும், இத்தனை பாடு வேண்டாம்.

திறந்திருந்த வாசல் யாருக்கு

மீட்பவர்களுக்கு உதவிய அந்த 2000ஆம் போர்ட்டை இன்னொரு கூட்டமும் பார்த்திருந்தது. 2024 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த பவுன்டுஓன் ஆட்டோமோட்டிவ் போட்டியில், மின்வாகனச் சார்ஜர்களின் மென்பொருள் பாதுகாப்பை உடைத்துக் காட்டுவது ஒரு பிரிவு. ஜூஸ்பாக்ஸ் 40 அதில் ஓர் இலக்கு, உடைக்கப்பட்டது. நெதர்லாந்தின் செக்டர் 7 ஆய்வுக் குழு பின்னர் தங்கள் வழியை விரிவாக வெளியிட்டது. பெட்டியின் வைஃபை துண்டில் ஓடும் கெக்கோ ஓஎஸ் என்ற மென்பொருளில்தான் ஓட்டை. அதைத் தயாரித்த சிலிக்கான் லேப்ஸ், அந்த மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது, திருத்தம் வராது என்ற நிலையில் இருந்தது.

தேதியைக் கவனியுங்கள். சார்ஜர் நிறுவனம் மூடியது அக்டோபரில். சார்ஜருக்குள் இருந்த வைஃபை துண்டோ அதற்கு முன்பே கைவிடப்பட்ட பொருள். வாங்கியவர் பெட்டியின் மேல் இருக்கும் ஒரு பெயரைத்தான் பார்க்கிறார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஆயுள் எழுதியிருக்கிறது.

ஆகவே, "இணையம் இல்லாமலும் வேலை செய்யும்" என்ற பெட்டியை வைஃபையில் வெறுமனே விட்டுவைக்கக் காரணமே இல்லை. எந்த வசதியும் தேவையில்லாதவர் வைஃபை தொடர்பைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். ரவுட்டரில் அந்தப் பெட்டியைத் தடுத்தாலும் சரி. உள்ளூர் நிரலைப் பயன்படுத்துகிறவர் பெட்டியைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, அந்த ஒரு கணினியோடு மட்டும் பேச விட வேண்டும். வெளியுலகத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட வேண்டும்.

இதை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. மறையாக்கம் இல்லாமல், ஒரு பெயரை நம்பிப் பேசும் எந்தப் பெட்டியும், அந்தப் பெயரில் யார் பதில் சொன்னாலும் கீழ்ப்படியும். வீட்டு நிரல் அதைத்தான் நன்மைக்குப் பயன்படுத்துகிறது. ஒழிந்துபோன ஒரு நிறுவனத்தின் இணையப் பெயர் காலாவதியாகி இன்னொருவர் கைக்குப் போனால், அதே கீழ்ப்படிதல் அவருக்கும் கிடைக்கும்.

சரி, மறையாக்கம் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பாதுகாப்பான தொடர்பைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சேவை சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்கள் பல ஒரே நாளில் தொடர்பை இழந்தன. புதுப்பிப்பு வராத சார்ஜருக்கும் அப்படி ஒரு நாள் காத்திருக்கும். நிறுவனம் உயிரோடு இருந்தாலும்தான்.

மூளையை மாற்றுவது

இன்னொரு மீட்பு வழி கொஞ்சம் துணிச்சலானது. பெட்டியின் கூட்டையும் கேபிளையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்துவிட்டு ஓபன்இவிஎஸ்இ பலகையைப் பொருத்துவது. ஓபன்இவிஎஸ்இ 2011 வாக்கில் தொடங்கிய திறமூலத் திட்டம். வரைபடம், ஃபர்ம்வேர் இரண்டும் திறந்தவை. ஜூஸ்பாக்ஸுக்கென்றே மாற்றுத் தொகுப்பும் விற்பனைக்கு வந்தது.

கேபிளும் கூடும் பெட்டியின் விலையில் கணிசமான பங்கு என்பதால் இது வீண் வேலை அல்ல. மாற்றிய பிறகு எல்லா அமைப்புகளையும் வீட்டுக்குள்ளிருந்தே உலாவியில் பார்க்கலாம், கணக்கு தேவையில்லை. எம்க்யூடிடி உண்டு, சார்ஜர்களுக்கான பொது மொழியான ஓசிபிபியும் உண்டு.

ஆனால் இங்கே காண்டாக்டர், மின்கசிவு உணரி, எர்த் சோதனை எல்லாம் நம் கையால் தொடும் பொருள்களாகிவிடுகின்றன. உள்ளே 240 வோல்ட். பெட்டிக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் பழைய பலகையோடு கூடிய பெட்டிக்குத்தான். பலகையை மாற்றினால் அந்தச் சான்றிதழ் இனி பொருந்தாது. காப்பீட்டு நிறுவனம் நாளை கேள்வி கேட்கலாம். இந்த வேலையைத் தெரிந்தவர் செய்தால் நன்றாக வரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாடகை வீட்டிலோ, பலர் பகிரும் வாகன நிறுத்தத்திலோ இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொது மொழி இருந்திருந்தால்

ஓசிபிபி என்ற பெயர் இந்த விவகாரத்தில் அடிக்கடி அடிபட்டது. சார்ஜருக்கும் அதை நிர்வகிக்கும் சர்வருக்கும் இடையிலான பொது மொழி அது; நெதர்லாந்தில் எலாட் அமைப்பு தொடங்கிவைத்தது. 1.6 பதிப்பு 2015இல் வந்தது, இன்றும் பரவலாகப் புழங்குகிறது. 2.0.1 பதிப்பு 2024இல் ஐஇசி 63584 என்ற சர்வதேசத் தரநிலையானது. இந்த மொழி பேசும் பெட்டியின் அமைப்பில் சர்வர் முகவரியை மாற்றினால் போதும், வேறு நிறுவனத்தின் சேவைக்குப் போகலாம். வீட்டிலேயே சர்வர் வைக்க விரும்புகிறவர்களுக்கு, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஸ்டீவ் என்ற திறமூல சர்வர் உண்டு. ஹோம் அசிஸ்டன்ட்டுக்கும் ஓர் இணைப்பு உண்டு.

வீட்டு ஜூஸ்பாக்ஸ்கள் தங்கள் சொந்த மொழியில் பேசின. அதனால்தான் ஒட்டுக்கேட்டு இலக்கணம் எழுத வேண்டியிருந்தது.

ஓசிபிபி என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. சர்வர் முகவரியை மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. பெட்டியின் உள்ளூர்ப் பக்கத்தில் இருந்தால் சரி. நிறுவனத்தின் செயலிக்குள், நிறுவனத்தின் கணக்கில் நுழைந்த பிறகுதான் மாற்ற முடியும் என்றால், நிறுவனம் போகும் நாளில் சாவியும் அதோடு போகும்.

சட்டம் எங்கே நிற்கிறது

பிரிட்டன் இதில் முந்திக்கொண்டது. 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த ஸ்மார்ட் சார்ஜர் விதிகள், தொடர்பு வலையமைப்பு துண்டிக்கப்பட்டாலும் சார்ஜர் கார்களுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும் என்கின்றன. மின்நிறுவனத்தை மாற்றினாலும் ஸ்மார்ட் வசதிகள் போகக் கூடாது என்றும் சொல்கின்றன. சார்ஜரைத் தயாரித்த நிறுவனமே இல்லாமல் போனால் அந்த வசதிகள் என்ன ஆகும் என்பதற்கு அதே அளவு தெளிவான பதில் அதில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொருளின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் அதற்கும் குறைவாக இருந்தாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் தர வேண்டும். சுவரில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கக்கூடிய ஒரு சுவிட்சுக்கு ஐந்து ஆண்டுகள் போதுமா என்று கேட்டால், என் பதில் போதாது என்பதே. ஆனால் திவாலான நிறுவனத்திடம் பதினைந்து ஆண்டுகள் கேட்டும் பயனில்லை.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மெலிது. கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஊழியர்கள் 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பார்த்த 184 ஸ்மார்ட் பொருள்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு, எவ்வளவு காலம் மென்பொருள் ஆதரவு தரப்படும் என்று தங்கள் இணையப் பக்கத்தில் சொல்லவில்லை என்று கண்டார்கள். தெரியாமல்தான் எல்லோரும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டை வாங்கியவர்

அறிவிப்பு வந்த நாளில் செயலி கையில் இருந்தவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். அவர்களுக்கு எண்களைக் குறித்துக்கொள்ள, அட்டவணையை நீக்க, வரம்பைச் சரிசெய்ய ஓரளவு நேரம் இருந்தது. வீடு கைமாறும்போது சுவரில் ஒரு பெட்டியோடு வருகிறதே, அந்த வீட்டை வாங்கியவருக்கு அதுவும் இல்லை. பழைய உரிமையாளரின் கணக்கு எங்கோ போய்விட்டது, செயலி கடையில் இல்லை, வைஃபை பெயரும் வேறு.

அவர் தொடங்க வேண்டிய இடம் மின்பலகை. பிரேக்கரில் எழுதியிருக்கும் எண், கம்பியின் பருமன், பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். பிளக்கின் முனைகளில் கருகல் அடையாளம் இருக்கிறதா, கேபிளின் உறை எங்காவது வெடித்திருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்கசிவுப் பாதுகாப்பு விழுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு காரை மாட்டி ஆம்பியரைப் பார்ப்பது. எண் சரியாக இருந்தால் காரின் அட்டவணையோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். எண் அதிகமாக இருந்தால், காரிலேயே ஆம்பியரைக் குறைத்துவைப்பது தற்காலிக வழி மட்டுமே. விருந்தினர் தன் காரை மாட்டினால் அந்தக் குறைப்பு அவர் காருக்குத் தெரியாது. அப்போது உள்ளூர் நிரல் வழியாகப் பெட்டியின் எண்ணையே மாற்ற வேண்டும். அது முடியாவிட்டால், சுற்றுக்கு ஏற்ற அளவில் உள்ளேயே சுவிட்ச் வைத்து ஆம்பியரைப் பூட்டிக்கொள்ளும் சாதாரணப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.